மெட்ராஸ் கல்லூரிகளின் பழைய படக் கார்டுகள்: தேதி தெரிந்தால் ஆட்கள் தெரிவார்கள்

மெரினா பக்கம் நின்று மாநிலக் கல்லூரியைப் பார்க்கிறவர்கள் கண்ணில் முதலில் படுவது உச்சியில் இருக்கும் குவிமாடமும் அதன் நான்கு பக்கக் கடிகாரமும்தான். நூறு வருஷத்துக்கு முன்னால் அச்சான படக் கார்டில் அதே கல்லூரியைப் பார்த்தால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும். கட்டடம் அதேதான். கடற்கரைச் சாலையைப் பார்த்த அதே முகப்பு, அதே வளைவுகள். குவிமாடமும் கடிகாரமும் மட்டும் இல்லை. முன்னாள் முதல்வர் ஃபைசன் பெயரால் அழைக்கப்படும் அந்தக் கடிகாரமும் குவிமாடமும் 1940இல், கல்லூரியின் நூற்றாண்டை ஒட்டி வந்தவை. ஆகவே கடிகாரம் இல்லாத எந்தப் படமும் 1940க்கு முந்தையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

பழைய மெட்ராஸ் கார்டுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அழகோடு நின்றுவிடுகிறார்கள். 'அந்தக் காலத்தில் சென்னை எப்படி இருந்தது பாருங்கள்' என்ற ஒரு வரியோடு படம் கைக்குக் கை போகிறது. எந்தக் காலம் என்று யாரும் கேட்பதில்லை. பள்ளி, கல்லூரிப் படங்களுக்கு இந்தக் கேள்வி மிக முக்கியம் என்பது என் எண்ணம். வருஷம் தெரியாதவரை அது வெறும் கட்டடம். வருஷம் தெரிந்துவிட்டால் உள்ளே யார் படித்தார்கள், யார் பாடம் நடத்தினார்கள் என்று சொல்ல முடியும். அதைச் சொல்ல முடிகிற இடத்தில்தான் ஒரு கார்டு வரலாற்று ஆவணம் ஆகிறது.

படக் கார்டு எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். படமில்லாத தபால் கார்டு உலகில் முதன்முதலாக 1869இல் ஆஸ்திரியா-ஹங்கேரியில் வந்தது. இந்தியாவுக்கு 1879இல் வந்தது, காலணா விலையில். நம் தாத்தா பாட்டிகள் வாயில் கடைசிவரை 'காலணா கார்டு' என்றே நின்ற அதே கார்டு. அரசாங்கம் மட்டுமே கார்டு அச்சிடலாம் என்ற நிலை மாறி, 1894இல் பிரிட்டனில் தனியாரும் அச்சிட அனுமதி கிடைத்தது. அதற்கு அப்புறம் வந்ததுதான் படக் கார்டு மோகம். ஏறக்குறைய 1900 முதல் 1914 வரை அதன் உச்சம். செய்தி அனுப்ப வாங்கியவர்களைவிட ஆல்பத்தில் சேர்க்க வாங்கியவர்கள் அதிகமோ என்று நினைக்கும்படி அந்த வருஷங்களில் கார்டுகள் குவிந்தன.

மெட்ராஸில் இந்த வியாபாரத்தின் மையம் மவுண்ட் ரோடு. 1844இல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை தன் பெயரிலேயே கார்டுகளை வெளியிட்டது. ஸ்பென்சர் கம்பெனியும் போட்டது. வீலே அண்ட் கிளைன் என்ற போட்டோ ஸ்டூடியோ படங்களை எடுத்ததோடு கார்டுகளாகவும் விற்றது. இதில் கிளைன் பிற்பாடு பெயெர்ல் என்பவரோடு சேர்ந்து கிளைன் அண்ட் பெயெர்ல் என்று ஸ்டூடியோ நடத்தினார். படம் இங்கே எடுக்கப்பட்டாலும் நல்ல கார்டுகள் பலவும் அச்சானது ஜெர்மனியில். அங்கே அச்சுக் கலை அவ்வளவு தேர்ச்சி பெற்றிருந்தது. கண்ணாடி நெகட்டிவோ அதன் பிரதியோ கப்பலேறிப் போய், கட்டுக்கட்டாக அச்சான கார்டுகளாகத் திரும்பி வந்தது.

இந்தக் கப்பல் பயணத்துக்கு ஒரு விளைவு உண்டு. வண்ணக் கார்டு என்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி, கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் அச்சகத்தில் வண்ணம் ஏற்றியது. வண்ணம் ஏற்றியவர் மெட்ராஸைப் பார்த்தவர் அல்ல. மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் கோபுரம் எந்த நிறம், மருத்துவக் கல்லூரிச் சுவர் செங்கல்லா பூச்சா என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. குறிப்பு எழுதி அனுப்பியிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் ஊகம்தான். ஆகையால் 'அப்போது இந்தக் கட்டடம் மஞ்சளாக இருந்தது' என்று ஒரு கார்டை வைத்து வாதாடுவது ஆபத்து. வடிவத்துக்குக் கார்டு நல்ல சாட்சி. நிறத்துக்கு அதை நம்பக் கூடாது.

அச்சு முறையை அறிய பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். லென்ஸ் வழியே பார்க்கும்போது ஒழுங்கான வரிசையில் புள்ளிகள் தெரிந்தால் அது ஹாஃப்டோன். புள்ளிகளே இல்லாமல், புழு நெளிந்த மாதிரி ஒழுங்கற்ற மென்மையான மணி மணியாகத் தெரிந்தால் கொலோடைப். கண்ணாடித் தகட்டில் ஜெலட்டின் பூசி, அதன் மேல் நெகட்டிவை வைத்து வெளிச்சம் காட்டினால், வெளிச்சம் பட்ட இடம் இறுகி மையைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தகட்டிலிருந்து நேரடியாக அச்செடுப்பதுதான் கொலோடைப். அதிகப் பிரதிகளைத் தகடு தாங்காது, ஆனால் நுணுக்கம் அற்புதமாக வரும். புள்ளியும் இல்லை, மணியும் இல்லை, இருண்ட பகுதிகளைச் சாய்த்துப் பார்த்தால் வெள்ளி மாதிரி பளபளக்கிறது என்றால் அது அச்சே அல்ல, போட்டோத் தாளில் நேரடியாகக் கழுவி எடுத்த ரியல் போட்டோ கார்டு. இன்று பழசு என்று சொல்லி விற்கப்படும் மறு அச்சுகளைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. புற ஊதா விளக்கில் தாள் நீல வெண்மையாக ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கிறது. அது 1950 வாக்கில்தான் தாளில் பரவலாகக் கலக்கப்பட்டது. 1905 கார்டு அப்படி ஒளிர வாய்ப்பில்லை.

அடுத்தது பின்பக்கம். ஆரம்பகாலப் படக் கார்டுகளில் பின்பக்கம் முழுக்க முகவரிக்கு மட்டும். சேதி எழுத வேண்டுமானால் படத்தின் பக்கத்திலேயே எழுத வேண்டும். அதனால்தான் அந்தக் கார்டுகளில் படம் சிறிதாக இருக்கும், கீழேயோ பக்கத்திலோ வெள்ளை இடம் விட்டிருப்பார்கள். அந்த இடமும் போதாமல் வானத்தின் மேல், கட்டடத்தின் மேல் எல்லாம் மை ஓடியிருக்கும். பின்பக்கத்தை நடுவே கோடு போட்டுப் பிரித்து, இடப்புறம் சேதி, வலப்புறம் முகவரி என்று ஆக்க பிரிட்டன் 1902இல் அனுமதித்தது. 1907க்குள் பெரும்பாலான நாடுகள் அதே வழிக்கு வந்துவிட்டன. ஆக, பிரிக்காத பின்பக்கம் கொண்ட செனட் ஹவுஸ் கார்டு கிடைத்தால் அது 20ஆம் நூற்றாண்டின் முதல் சில வருஷங்களைச் சேர்ந்தது அல்லது அதற்கும் கொஞ்சம் முந்தையது என்று தைரியமாகச் சொல்லலாம்.

தபால்தலையும் பேசும். ஏழாம் எட்வர்ட் தலை போட்ட இந்தியத் தபால்தலைகள் 1902இலிருந்து வந்தன. 1906இல் அரையணா பச்சையிலும் ஓரணா சிவப்பிலும் 'போஸ்டேஜ்' என்பதோடு 'ரெவின்யூ' என்ற சொல்லும் சேர்ந்தது. 1911இலிருந்து ஐந்தாம் ஜார்ஜ். காலணாவாக இருந்த உள்நாட்டுக் கார்டுக் கட்டணம் 1922இல் அரையணா ஆனது. இவ்வளவு துல்லியமான ஆதாரம் ஒட்டியிருக்கும்போது, தபால்தலை சேகரிக்கிறேன் என்று அதை வெந்நீரில் ஊறவைத்து உரித்து எடுத்துவிட்டவர்கள் ஏராளம். முத்திரையின் பாதி தலையோடு போய்விடும், மீதிப் பாதி கார்டில் அரைவட்டமாக நிற்கும். பார்க்கப் பார்க்க மனசு ஆறாது.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஒரு கார்டுக்கு மூன்று தேதி உண்டு: படம் எடுத்த தேதி, அச்சான தேதி, அனுப்பிய தேதி. தபால் முத்திரை காட்டுவது கடைசித் தேதியை மட்டும். ஒரே நெகட்டிவை வைத்துப் பல வருஷம் அச்சடித்த வெளியீட்டாளர்கள் உண்டு. கடைக்காரரிடம் தங்கிய சரக்கைப் பத்து வருஷம் கழித்து ஒருவர் வாங்கி அனுப்பியிருக்கலாம். 1912 முத்திரை இருப்பதால் படம் 1912இல் எடுத்தது என்று எழுதுவது தவறு. 1912 அல்லது அதற்கு முன் என்பதுதான் சரி.

அதனால் படத்துக்குள்ளேயே சாட்சி தேட வேண்டியிருக்கிறது. மெட்ராஸ் அதற்கு நிறைய இடம் கொடுக்கிறது. கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1876இல் துறைமுகக் கட்டுமானம் தொடங்கிய பிறகுதான் அதன் தெற்கே மணல் சேர்ந்து இன்றைய அகலமான கடற்கரை உருவானது. அதற்கு முன் அலை சாலைக்கு வெகு அருகே வந்துகொண்டிருந்தது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1884இல் உலாவுபாதை அமைத்து அதற்கு மெரினா என்று பெயர் வைத்தார். ஆக, கல்லூரியையும் கடலையும் சேர்த்துக் காட்டும் படங்களில் மணல் எவ்வளவு அகலம் என்பதே ஒரு கணக்கு. பாரிமுனையை ஒட்டிய எஸ்பிளனேடு பக்கத்துப் படங்களில் டிராம் இருக்கிறதா என்று பார்க்கலாம். மெட்ராஸில் மின்சார டிராம் 1895இல் ஓடத் தொடங்கி 1953இல் நின்றது. மாநிலக் கல்லூரி வளாகத்தில் கடலைப் பார்த்தபடி உ.வே. சாமிநாதையரின் சிலை தெரிந்தால் அது 1948க்குப் பிந்தைய படம். பல்கலைக்கழக நூலகக் கட்டடம் 1936இல் திறக்கப்பட்டது, அதனால் செனட் ஹவுஸுக்குப் பக்கத்தில் அதன் மணிக்கூண்டு எட்டிப் பார்த்தால் அந்தப் படம் 1930களுக்கு முந்தையதாக இருக்க முடியாது.

சரி, இப்படித் தேதி போட்டு என்ன கண்டோம்? இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. கார்டு மோகம் உச்சத்தில் இருந்த அந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் இந்தக் கட்டடங்களுக்குள் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். மாநிலக் கல்லூரியில் 1903இல் ஒரு சிறுவன் பி.ஏ. வகுப்பில் சேர்கிறான், பெயர் சந்திரசேகர வெங்கட ராமன். 1907இல் எம்.ஏ. முடிக்கிறான். நடுவே 1906இல், மாணவனாக இருக்கும்போதே, லண்டனிலிருந்து வரும் அறிவியல் இதழில் ஒளி பற்றிய அவனுடைய முதல் கட்டுரை வந்துவிடுகிறது. அதே 1903இல் அதே கல்லூரிக்குத் தமிழாசிரியராக வருகிறார் உ.வே.சா. 1919 வரை அங்கே இருக்கிறார். 1909இல் ராதாகிருஷ்ணன் தத்துவம் சொல்லிக்கொடுக்க வந்து சேர்கிறார். 1911இல் அங்கிருந்து பட்டம் பெற்று வெளியே வருகிறார் ஆர்.எஸ். சுப்புலட்சுமி. குழந்தைப் பருவத்திலேயே விதவையானவர், பின்னாளில் ஐஸ் ஹவுஸில் இளம் விதவைகளைத் தங்கவைத்துப் படிக்க வைத்தவர், மெட்ராஸ் மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி.

எஸ்பிளனேடில் கிறிஸ்தவக் கல்லூரியில் அந்தத் தசாப்தத்தில் படித்துக்கொண்டிருந்தவர் அதே ராதாகிருஷ்ணன். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் பச்சையப்பன் கல்லூரி. 1906இல் கும்பகோணத்திலிருந்து வந்து அங்கே எஃப்.ஏ. என்ற, பி.ஏ.வுக்கு முந்தைய வகுப்பில் சேர்ந்தவர் சீனிவாச ராமானுஜன். கணிதம் தவிர மற்றதில் தேறாமல் பரீட்சையில் தோற்றவர். சென்ட்ரல் ஸ்டேஷன் அருகே மருத்துவக் கல்லூரியில் 1907இல் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றவர் முத்துலட்சுமி ரெட்டி. இத்தனை பேரும் சில மைல் சுற்றளவில், கிட்டத்தட்ட ஒரே சமயத்தில். அந்தச் சமயத்தில்தான் ஹிக்கின்பாதம்ஸ் கடையில் இந்தக் கட்டடங்களின் படங்கள் விற்றுக்கொண்டிருந்தன.

அந்தப் படங்களில் இவர்கள் யாரும் இல்லை. இவர்கள் மட்டுமல்ல, மாணவர் என்று சொல்லத்தக்க யாருமே பெரும்பாலும் இல்லை. ஒரு மாட்டுவண்டி இருக்கும், ஜட்கா இருக்கும், தலைப்பாகை கட்டிய யாரோ ஒருவர் நிழலில் நிற்பார். கல்லூரி என்று தலைப்புப் போட்ட படத்தில் ஒரு மாணவனைக்கூடக் காண முடியவில்லை. காரணம் தொழில்நுட்பமும்தான், நோக்கமும்தான். கட்டடம் பளிச்சென்று விழ வெளிச்சம் நேராகப் படும் நேரம் வேண்டும். கிழக்கே கடலைப் பார்த்த முகப்புக்கு அது காலை, வகுப்பு தொடங்கும் முன். நகர்கிற ஆட்கள் கலங்கலாக விழுவார்கள் என்பதால் கூட்டமில்லாத வேளையே போட்டோக்காரருக்கு வசதி. நோக்கம் என்று பார்த்தால், வாங்குகிறவர் பெரும்பாலும் ஊருக்கு எழுதும் ஆங்கிலேயர், கப்பல் நின்ற இடத்தில் இறங்கிய பயணி. அவருக்கு வேண்டியது 'நான் இருக்கும் நகரம் இவ்வளவு பெரியது' என்று காட்ட ஒரு படம். கல்லூரி அங்கே கல்லூரியாக வரவில்லை. ஹைகோர்ட், ரயில் நிலையம், அரசு மாளிகை என்ற வரிசையில் இன்னொரு கம்பீரமான கட்டடமாகத்தான் வருகிறது.

அதனால்தான் சில நிறுவனங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ராபர்ட் சிஸம் வடிவமைத்து 1870இல் திறந்த மாநிலக் கல்லூரி, அவரே 1874க்கும் 1879க்கும் இடையில் கட்டிய செனட் ஹவுஸ், ஹென்றி இர்வின் கட்டிய சட்டக் கல்லூரி. இவை மூன்றும் இல்லாத மெட்ராஸ் கார்டுத் தொகுப்பு அபூர்வம். செனட் ஹவுஸில் தினசரி வகுப்பு நடக்கவில்லை; அது 1857இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் பேரவைக் கூடம், பட்டமளிப்பு நடக்கும் இடம். ஆனாலும் நான்கு மூலைக் கோபுரங்களும் பூவேலைத் தூண்களுமாக அது கேமராவுக்கென்றே நின்ற மாதிரி இருக்கிறது. மெட்ராஸின் கல்வி என்றால் வெளியுலகத்துக்கு இந்த ஒரு முகம்தான் போய்ச் சேர்ந்தது.

கார்டுகள் உண்மையிலேயே ஈடில்லாத ஆதாரமாக நிற்பது, இடம் மாறிய கல்லூரிகளின் விஷயத்தில். 1920க்கும் 1940க்கும் இடையில் மெட்ராஸின் பெரிய கல்லூரிகள் மூன்று நகரத்தின் நெரிசலை விட்டுப் புறப்பட்டன. 1794இல் கோட்டைக்குள் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய பொறியியல் கல்லூரி, சேப்பாக்கத்திலிருந்து 1920இல் கிண்டிக்குப் போனது. 1837இல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த கிறிஸ்தவக் கல்லூரி, நூறாவது வருஷத்தில், 1937இல் தாம்பரத்துக்குப் போனது. பச்சையப்பன் 1940இல் சேத்துப்பட்டுக்கு.

கிறிஸ்தவக் கல்லூரியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் தாம்பரத்தின் காடும் மான்களும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அதன் முதல் நூறு வருஷம் ஹைகோர்ட்டுக்கு எதிரே, பாரிமுனையின் இரைச்சல் நடுவே கழிந்தது. வில்லியம் மில்லர் 1862இல் வந்து அதைத் தென்னிந்தியாவின் முன்னணிக் கல்லூரியாக்கியது அங்கேதான். அவர் உயிரோடு இருக்கும்போதே, 1901இல், மாணவர்களும் நண்பர்களும் பணம் திரட்டி அவருக்குச் சிலை வைத்ததும் அங்கேதான். இப்போது அந்த இடத்தில் போய் நின்றால் ஆண்டர்சன் தேவாலயம் இருக்கிறது, மற்றபடி அங்கே ஒரு கல்லூரி இருந்தது என்று ஊகிக்க எதுவும் இல்லை. எஸ்பிளனேடு என்று தலைப்புப் போட்ட பழைய கார்டு ஒன்றை வைத்துக்கொண்டு அந்தத் தெருவில் நின்றால்தான் கட்டடங்கள் எங்கே தொடங்கி எங்கே முடிந்தன என்று புரியும். சாலையில் நிற்பவர்கள், கம்பிவேலி, பக்கத்துக் கடையின் பலகை என்று ஓரங்களில் தற்செயலாக விழுந்தவையெல்லாம் அப்போது உதவிக்கு வருகின்றன. போட்டோக்காரர் எடுக்க நினைத்ததைவிட அவரை அறியாமல் விழுந்தவை பல நேரம் அதிகம் சொல்கின்றன.

பச்சையப்பன் மண்டபத்தின் கதை வேறு. அது இடிபடாமல் இன்றும் என்.எஸ்.சி. போஸ் சாலையில் நிற்கிறது. 1794இல் இறந்த பச்சையப்ப முதலியார் எழுதி வைத்த உயில் வழக்கில் சிக்கி, பிறகு அந்தப் பணத்திலிருந்து 1842இல் பள்ளி தொடங்கியது. மண்டபத்துக்கு 1846இல் அடிக்கல் போட்டு 1850இல் திறந்தார்கள். ஏதென்ஸ் நகரத்துப் பழைய கோயில் ஒன்றின் சாயலில், கனத்த தூண்களோடு கட்டினார்கள். இந்தியர் ஒருவரின் சொத்தில், ஆங்கில அரசின் பணமில்லாமல், இந்தியர்களுக்காக எழுந்த கல்விக் கட்டடம் அது. இன்று அதன் முகப்பை முழுதாகப் பார்க்க இடம் விடாமல் கடைகளும் பெயர்ப் பலகைகளும் கம்பிகளும் மறைக்கின்றன. தூண்களின் அளவும் அவற்றுக்கு முன்னிருந்த வெட்டவெளியும் தெரிய வேண்டுமென்றால் பழைய படங்களைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. நேரில் நின்றாலும் கிடைக்காத காட்சி அங்கே கிடைக்கிறது.

பெண்கள் கல்லூரிகள் இந்தக் கதையில் எங்கே? இதற்கு விடை 1914 என்ற வருஷத்தில் இருக்கிறது. அந்த ஆண்டு ஜூலையில் மெரினாவில் கேப்பர் ஹவுஸ் என்ற பழைய பங்களாவில் மெட்ராஸ் நகரின் முதல் பெண்கள் கல்லூரி தொடங்கியது. டோரத்தி டி லா ஹே முதல்வர். 1917இல் ராணி மேரிக் கல்லூரி என்று பெயர் மாறியது. கல்லூரி தொடங்கிச் சில வாரத்தில் உலகப் போர் வெடித்தது. செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து துறைமுகப் பக்கம் குண்டு வீசியது. ஜெர்மனியிலிருந்து அச்சடித்து வரவழைக்கும் வழியெல்லாம் அடைந்துபோனது. போருக்கு அப்புறம் கார்டு மோகம் பழைய வேகத்துக்குத் திரும்பவே இல்லை. 1915இல் தொடங்கிய பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியும், 1925இல் வந்த லயோலாவும் இந்த அலை வடிந்த பிறகு வந்தவை. கடைகளில் விற்ற கார்டுகளில் இவை குறைவாக இருப்பதற்குக் கல்லூரியின் சிறப்பு ஒரு காரணமே அல்ல, பிறந்த வருஷம்தான் காரணம். கேப்பர் ஹவுஸ் இன்று இல்லை. 2003இல் ராணி மேரிக் கல்லூரி இடத்தில் தலைமைச் செயலகம் கட்டத் திட்டம் வந்தபோது மாணவிகள் போராடி நிறுத்தினார்கள். கல்லூரி பிழைத்தது, ஆனால் அது பிறந்த பழைய வீடு பின்னர் இடிக்கப்பட்டுவிட்டது. அந்த வீட்டின் நல்ல படம் யார் வீட்டுப் பெட்டியில் இருந்தாலும் அது பொக்கிஷம்.

பெண்களின் படிப்பைக் காட்டும் கார்டுகள் வேறொரு வழியில் வந்தன. மிஷன் சங்கங்கள் தாங்களே கார்டு அச்சிட்டன. அவை ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்காக அல்ல, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தேவாலயங்களில் காசு போட்டவர்களுக்காக. உங்கள் பணம் என்ன செய்தது என்று காட்ட வேண்டும் என்பதால் அங்கே கட்டடம் பின்னுக்குப் போய் ஆட்கள் முன்னுக்கு வருகிறார்கள். வரிசையாக உட்கார்ந்த சிறுமிகள், கையில் சிலேட்டு, எண்ணெய் வைத்து இழுத்துச் சீவிய தலை, ஓரத்தில் நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. கடைக் கார்டுகளில் இடம் மட்டும் உண்டு, ஆள் இல்லை. மிஷன் கார்டுகளில் ஆட்கள் உண்டு, ஆனால் பெயர் இல்லை. தலைப்பில் 'எங்கள் பள்ளியின் பிள்ளைகள்' என்ற தோரணையில் ஒரு வரி இருக்கும், அந்தப் பிள்ளைகள் யார் என்று சொல்லியிருக்காது. நன்கொடை கேட்கிற படம் என்பதால் எளிமையையும் அடக்கத்தையும் கொஞ்சம் கூட்டியே காட்டியிருப்பார்கள் என்பதையும் நினைவில் வைத்துத்தான் இவற்றைப் படிக்க வேண்டும்.

மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஸ்டூடியோக்காரர்கள் வகுப்புக் குழுப்படங்களைத் தபால் கார்டு அளவுத் தாளில், பின்னால் முகவரிக் கோடு அச்சான தாளில் கழுவிக் கொடுத்தார்கள். கடையில் விற்பதற்கல்ல, படத்தில் இருக்கிறவர்களுக்கு. அப்படி ஒரு படத்தைக் கையில் எடுத்தால் கண் அலையும் வரிசை இதுதான்: நடுவில் நாற்காலியில் முதல்வரும் ஆசிரியர்களும், தரையில் சம்மணமிட்ட பையன்கள், பின்னால் பெஞ்சின் மேல் ஏறி நிற்பவர்கள். கோட்டு மேலே, வேட்டி கீழே. தலைப்பாகை ஒருவருக்கு, குல்லா ஒருவருக்கு, குடுமி ஒருவருக்கு. செருப்புப் போட்டவரும் வெறுங்காலும் ஒரே வரிசையில். கடைசி ஓரத்தில், நேராக நின்று, பெல்ட் போட்ட கல்லூரிச் சேவகர். தமிழாசிரியர் எங்கே உட்கார்ந்திருக்கிறார், நடுவிலிருந்து எத்தனை நாற்காலி தள்ளி என்பதைப் பார்த்தாலே அந்தக் கல்லூரியில் தமிழுக்கு இருந்த இடம் தெரியும். பின்பக்கத்தில் யாராவது பென்சிலால் பெயர்களை எழுதி வைத்திருந்தால் அதைவிட அரிய ஆவணம் கிடையாது.

எந்த வகையிலும் வராதவையும் உண்டு. திண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு முகப்பே கிடையாது, பிறகு எதைப் படம் பிடிப்பது? ஆனால் உலகக் கல்வி வரலாற்றில் மெட்ராஸின் பெயர் நிற்பதே அதனால்தான். எழும்பூர் ஆண் குழந்தைகள் காப்பகத்தில் 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், இந்த ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதையும் மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் பார்த்து அதை ஒரு முறையாக்கினார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பிரிட்டன் முழுக்கப் பரவியது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாறில் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இலவசப் பள்ளியும், 1920இல் மாநகராட்சி ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்ட ஆயிரம் விளக்குப் பள்ளியும் நகரக் கல்வியின் பெரிய திருப்பங்கள். கப்பலில் வந்திறங்கியவர் வாங்கிப் போகும் படத்துக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. ஓலைக் கூரையும் ஓட்டு வீடும் விற்பனைக்கு ஆகாது. கார்டுகளை மட்டும் வைத்து மெட்ராஸின் கல்வி வரலாற்றை எழுதினால் அது கடற்கரைச் சாலையின் வரலாறாகவே முடியும்.

இந்தக் கார்டுகள் இன்று எங்கே இருக்கின்றன என்று பார்த்தால், கணிசமானவை பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் இருக்கின்றன, அனுப்பப்பட்ட இடம் அதுதானே. அங்கிருந்து ஏலங்களில் வாங்கித்தான் நம் சேகரிப்பாளர்கள் திரும்பக் கொண்டுவருகிறார்கள். வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் எழுதாத கார்டுகளும் குழுப்படங்களும். ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டியவற்றைப் பிய்க்காமல் அப்படியே ஸ்கேன் செய்வது நல்லது. தளர்வாக இருப்பவற்றைக் கட்டாயம் இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும். இணையத்தில் உலவும் படங்களில் பெரும்பாலும் முன்பக்கம் மட்டும்தான், அதிலும் தலைப்பு இருந்த வெள்ளை ஓரத்தை வெட்டிவிட்டு. வெளியீட்டாளர் பெயர், வரிசை எண், முத்திரை, கையெழுத்து என்று தேதி சொல்லக்கூடிய அத்தனையும் அந்த வெட்டில் போய்விடுகிறது. 600 டிபிஐ அளவில், ஓரங்களோடு, நிறம் திருத்தாமல் ஒரு பிரதி வைத்துக்கொண்டால் போதும். அழகுபடுத்துவதை அப்புறம் வேறொரு பிரதியில் செய்யலாம்.

காப்புரிமை பற்றிக் கவலைப்படுகிறவர்கள் உண்டு. இந்தியச் சட்டப்படி, வெளியான போட்டோவுக்கு வெளியான வருஷத்திலிருந்து 60 ஆண்டுகள்தான் உரிமை. கார்டு மோகக் காலத்துப் படங்கள் எல்லாமே அந்தக் கெடுவைத் தாண்டி வெகு காலமாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், பள்ளி மலரில் போடலாம், வகுப்பில் காட்டலாம்.

கல்லூரிகள் நூற்றாண்டு, நூற்றைம்பதாம் ஆண்டு மலர்கள் போடும்போது இந்தக் கார்டுகளை அட்டைப்படமாகப் போட்டு நிறுத்திவிடுகின்றன. அதே கல்லூரியின் நிலவறையில் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் இருக்கும். கார்டுக்கு ஒரு வருஷம் கண்டுபிடித்து, அந்த வருஷப் பதிவேட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் பெயர்கள், ஊர்கள், தகப்பனார் தொழில், கட்டிய படிப்புக் கட்டணம் எல்லாம் வரிசையாக வரும். வரலாற்றுத் துறை மாணவர்கள் இரண்டு மூன்று பேர் ஒரு பருவத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. முதலில் வேண்டியது பதிவேடுகளைக் கரையானிடமிருந்து காப்பாற்றி மேலே கொண்டுவருவது.